ரிச்சி தெருவில் ஒரு மூளை மாற்று ஆபரேஷன்

சென்னைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு சாமானை விற்க ஒருத்தர் கடை போட்டால், அதே சாமானை விற்க இன்னும் நூறு பேர் அவருக்குப் பக்கத்திலேயே கடை போடுவார்கள். காகிதம், கல்யாணப் பத்திரிகை என்றால் ஆண்டர்சன் தெரு. துணி மொத்தமாக வேண்டுமா, கோடவுன் தெரு. காருக்குக் கதவு, ஆட்டோவுக்கு எஞ்ஜின் என்றால் புதுப்பேட்டை. அடுத்த கடையில் என்ன விலை என்று தெரிந்துகொள்ள நீங்கள் பஸ் ஏற வேண்டாம். கழுத்தைத் திருப்பினால் போதும்.

அந்த வரிசையில், ஒயர் முளைத்த சாமான் எதுவாக இருந்தாலும் ரிச்சி தெரு!

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, அண்ணா சாலையின் அந்தப் பக்கம் உயிரோடு போய்ச் சேர்ந்து, யாரையாவது 'ரிச்சி ஸ்ட்ரீட்?' என்று கேட்டால் வாயைத் திறக்காமல் மோவாயால் வழி காட்டுவார்கள். மோவாய் காட்டிய திசையில் நடந்தால் ஐந்து, பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும்.

தெரு என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு பக்கமும் டூ-வீலர்கள். மிச்சமிருக்கும் நடுவகிட்டில் நீங்கள், நான், மூன்று அட்டைப்பெட்டியைத் தலையில் அடுக்கிய பையன், ரிவர்ஸ் எடுக்கும் மினி லாரி, உலகத்தின் சகல டி.வி.களுக்கும் ரிமோட் விற்கும் தள்ளுவண்டி. தலைக்கு மேலே இடியாப்பம் பிழிந்த மாதிரி கேபிள்கள். கடை வாசலுக்குக் கடை வாசல், 'என்னா சார் வேணும்? சி.சி.டி.வி.யா? லேப்டாப் சர்வீஸா? கேளுங்க சார், கேக்கறதுக்குக் காசா?' என்று உபசாரம். மாமனார் வீட்டில்கூட இத்தனை பேர் நம்மை 'வாங்க வாங்க' என்று கூப்பிட்டதில்லை.

நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்றெல்லாம் தபால்காரருக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மற்ற ஜனங்களுக்கு மொத்த வட்டாரமும் ரிச்சி தெருதான். டெல்லியில் நேரு ப்ளேஸ் எப்படியோ, இங்கே இது அப்படி.

ஒரு காலத்தில் இங்கே கேட்ட சத்தம் வேறு. 1734-ல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்கிற கவர்னர், கம்பெனிக்குத் துணி வேண்டும் என்பதற்காக, கூவம் வளைகிற இடத்தில் இருந்த ஒரு தோட்டத்தை எடுத்து நெசவாளர்களைக் குடியேற்றினார். சின்ன தறிப் பேட்டை. அதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. பிறகு அதையொட்டி சினிமா வந்தது. 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டர் இந்தப் பக்கம்தான் இருந்தது. மீரான் சாகிப் தெரு முழுக்க விநியோகஸ்தர்களும் படப்பெட்டிகளுமாக இருந்தது. அப்புறம் ரேடியோ, டேப் ரிக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனதற்குப் பிறகு, பழைய ஸ்பேர் பார்ட் தேடுகிறவர்களுக்குக் கால் தானாகவே இந்தப் பக்கம் திரும்பியது. தறி போய் சிப் வந்தது. இரண்டுமே நுணுக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் இழை ஓட்டுகிற சமாசாரம்தானே!

நிற்க. நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தோள் பையில் ஒரு நோயாளி இருந்தது.

* * *

திண்டிவனத்தில் இருக்கிற என் அக்காவின் லேப்டாப் அது. சரியாகச் சொன்னால் மாமா வாங்கியது. 2013 ஜூனில், 60 ஆயிரம் ரூபாய்க்கு. கறுப்பு நிறம், செங்கல் கனம், ஆபீஸ் ரகம். மாமா கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அரிசி மண்டி, ஹார்டுவேர், மருந்துக் கடை என்று பதினாலு கடை. 2019-ல் அவர் போய்விட்டார். மூன்றாம் மாசம் அக்கா அந்த லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். பதினாலில் ஐந்து கடை கை நழுவிப் போயிற்று. ஒன்பது நின்றது. அந்த ஒன்பதுதான் வீட்டு வாடகை, பையன் காலேஜ் ஃபீஸ், எல்லாம்.

நான் பி.காம். ஆகவே எந்தச் சாமானைப் பார்த்தாலும் தேய்மானம் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு முதலில் வருஷம் 60 சதவிகிதம் தேய்மானம், 2017 ஏப்ரலில் இருந்து 40 சதவிகிதம். குறைந்த மதிப்பின் மேல் குறைத்துக்கொண்டே வந்தால், நாலு வருஷத்தில் 60 ஆயிரம் 1,536 ஆகிவிடுகிறது. அடுத்த எட்டு வருஷத்தில், அதாவது 2025 மார்ச் 31 அன்று, 26 ரூபாய்!

இரண்டு டீ. ஒரு வடை கூடச் சேராது.

இந்த 26 ரூபாய்ச் சொத்து, 2025 நவம்பரில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. டாலியில் பெரிய கணக்கைத் திறந்து, பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. போர்ட்டலையும் திறந்தால் ஃபேன் ஏரோப்ளேன் மாதிரி கத்தும். பத்து நிமிஷத்தில் எல்லாம் ஆமை வேகம். அரை மணியில் பொத்தென்று அணைந்துவிடும்.

"மடியில வெச்சா அடுப்பை மடியில கட்டிக்கிட்ட மாதிரி இருக்குடா. கீழே ஈரத்துணி போட்டு வேலை செய்யறேன்" என்றாள் அக்கா போனில்.

"ஐயையோ, ஈரத்துணியெல்லாம் போடாதே!" என்று அலறி, ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய் லேப்டாப்பை வாங்கிவந்தேன். மாசா மாசம் 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு நாள் தாண்டினால் ஒரு கடைக்கு 50 ரூபாய் அபராதம். வட்டி தனி. அதைவிடப் பெரிய அபராதம், 'அந்தம்மாவுக்கு முடியலைப்பா, வேற ஆளைப் பாரு' என்று பஜாரில் பேச்சு கிளம்புவது. நான் ரிச்சி தெருவில் நின்ற தேதி 18. செவ்வாய்க்கிழமை.

புது லேப்டாப் வாங்கலாமே என்பீர்கள். சுமாரானதே 40, 45 ஆயிரம் கேட்டார்கள். அக்காவிடம் நான் கேட்டேன். "ஆறாயிரத்துக்குள்ள ஏதாவது வழி இருந்தா சொல்லு. இல்லேன்னா இதையே விசிறிவிட்டு ஓட்டிக்கறேன்" என்றாள். நான் போடுகிறேன் என்றால் கோபம் வரும். ஃப்ரீலான்ஸ் பத்திரிகைக்காரனின் வருமானம் அக்காவுக்குத் தெரியாதா?

* * *

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். ப்ளஸ் டூவில் பிஸிக்ஸ் படிக்காதவன் சொல்கிறேன். அதனால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

லேப்டாப்பின் மூளை ப்ராஸஸர். அக்காவுடையது ஐ5-3320எம் என்கிற இன்டெல் சிப், இரண்டு கோர். கோர் என்றால் வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இருக்கிற ஆபீஸில் ஒருத்தர் டாலியையும் ஒருத்தர் போர்ட்டலையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஆன்ட்டி-வைரஸ் வந்து 'எல்லாரும் எழுந்திரிங்க, பெருக்கணும்' என்றால் ஆபீஸ் நின்றுவிடும்.

அதே 2012-ல் வந்த இன்னொரு சிப் ஐ7-3632க்யூஎம். நாலு கோர். சிப்புக்குள்ளேயே இருக்கிற தற்காலிகக் கிடங்கு 3 மெகாபைட்டுக்குப் பதிலாக 6. இதில் விசேஷம் என்னவென்றால், இரண்டு சிப்புக்கும் விதித்திருக்கும் வெப்ப அளவு ஒன்றேதான், 35 வாட். அதே சம்பளத்தில் இரண்டு ஆள் கூடுதல்! எந்த முதலாளிதான் வேண்டாம் என்பார்?

35 வாட் பெரிய விஷயமா, ட்யூப் லைட் கூட 40 வாட் ஆயிற்றே என்று தோன்றும். எங்கே எரிகிறது என்பதுதான் விஷயம். அந்த நாலு கோர் சிப்பின் சிலிக்கான் துண்டு 160 சதுர மில்லிமீட்டர், ஏறக்குறைய கட்டைவிரல் நகம். அதற்குள் 140 கோடி டிரான்ஸிஸ்டர்கள், இந்திய ஜனத்தொகையை நகத்தில் குடிவைத்த மாதிரி. கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 22 வாட் வருகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் அது வெறும் 5 வாட்! அக்கா அடுப்பு என்றது கவிதையே அல்ல. குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

சூடு ஏறி நூறு டிகிரியை நெருங்கினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் அணைந்துவிடும். ஆக, அக்காவின் லேப்டாப்புக்கு வயசானதால் மட்டும் அந்த ஆமை வேகம் இல்லை. அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. வெறும் மூளையை மாற்றினால் போதாது. நுரையீரலையும் மாற்ற வேண்டும்.

* * *

முதல் கடை கண்ணாடிக் கதவு, ஏ.ஸி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பையன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், இது மியூசியத்துக்குக் குடுக்க வேண்டிய பீஸு. இருபத்திநாலாயிரத்துக்கு நல்ல செகண்ட்ஸ் இருக்கு, எடுத்துக்கறீங்களா?"

தப்பான யோசனை அல்ல. பட்ஜெட்தான் நாலு மடங்கு. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது கடையில் 'இருக்கு சார், உக்காருங்க' என்று ஸ்டூல் போட்டார்கள். ஒரு சிப் வந்தது. மேலே பெயர் சரியாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் ஊசி ஊசியாகப் பின்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஜவ்வரிசி மாதிரி ஈய உருண்டைகள்! அது போர்டிலேயே பற்றவைக்கிற ஜாதி. அக்காவின் லேப்டாப்பில் இருப்பது ஸாக்கெட். 988 ஓட்டை. பின் வைத்த சிப்தான் அதில் உட்காரும்.

"இது பி.ஜி.ஏ. ஆச்சே, ஸாக்கெட்ல உக்காராதே?"

"போட்டுடலாம் சார், நம்ம பையன் பார்த்துப்பான்" என்றார் கடைக்காரர், கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிற தொனியில். பையனைப் பார்த்தேன். அவன் சமோசா சாப்பிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தான். எழுந்துவிட்டேன்.

மூன்றாவது, நாலாவது கடையில் ஸ்டாக் இல்லை. ஐந்தாவது கடைக்காரர்தான், "மேல பாய்கிட்ட கேளுங்க. பின்னு வெச்ச ப்ராஸஸர்னா அவருதான்" என்று ஒரு மாடிப்படியைக் காட்டினார். ஒரு ஆள் ஏறினால் இன்னொருத்தர் சுவரோடு ஓவியமாகிவிட வேண்டிய படி.

மேலே ஆறடிக்கு எட்டடி ரூம். சுவர் பூராவும் பிஸ்கட் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வகை ஸ்க்ரூ. மேஜை விளக்கின் கீழே, நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பாய். அறுபதை ஒட்டிய வயசு. லேப்டாப்பை வாங்கியவர் ஆன் பண்ணவில்லை. அடியில் இருந்த காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார்!

"தம்பி, வீட்டுல சமையல் ரூம் பக்கத்துல வெச்சு வேலை பண்றாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆமா பாய். எப்படி..?"

"எண்ணெய்ப் புகை. தூசிய எண்ணெய் புடிச்சு வெச்சுக்கும். ஊதினாப் போவாது."

டாக்டர்களே நாடி பிடிப்பதை விட்டுவிட்ட காலத்தில் இப்படி ஒருத்தர்.

விஷயத்தைச் சொன்னேன். 20-ம் தேதியையும் சொன்னேன். டிராயரில் இருந்து சின்ன பிளாஸ்டிக் டப்பிகளை எடுத்தார். முதல் சிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "இது கம்பெனி சாம்பிள். சோதனைக்கு அடிச்சது. 'கான்ஃபிடென்ஷியல்'னு எழுதியிருக்கு பாருங்க. ஓடும். ஆனா என்னிக்கு மூட் மாறும்னு சொல்ல முடியாது." இரண்டாவது டப்பியில் இருந்ததன் மேல் எஸ்.ஆர். என்று தொடங்கும் குறியீடு, விற்பனைக்கு வந்த சரக்கு. அதைத் தன்னிடம் இருந்த ஒரு பரிசோதனை போர்டில் மாட்டி, ஓடுவதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் விலையே சொன்னார். மூவாயிரத்து இருநூறு.

"பயாஸ் அப்டேட் பண்ணியாச்சா? பழைய பயாஸா இருந்தா புது சிப்பைத் தெரியாதும்பான்."

"முந்தாநாள் ராத்திரியே பண்ணிட்டேன் பாய். கணக்கெல்லாம் ரெண்டு பென் ட்ரைவ்ல காப்பி எடுத்தாச்சு."

"படிச்சவரு" என்றார். நான் பி.காம். என்பதை அவரிடம் சொல்லவில்லை.

* * *

ஆபரேஷன் ஆரம்பம்.

பாட்டரியைக் கழற்றினார். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, உள்ளே தங்கிய மின்சாரத்தை வடித்தார். கீபோர்டைத் தூக்கினால்தான் உள்ளே வழி. கீபோர்டைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நம்பர் வரிசை பூரா தேஞ்சு போச்சு. ஸைபர் இருக்கற இடமே தெரியல. அறுநூறு ரூபாதான், புதுசு போட்டுடவா?"

அக்காவுக்குப் போன் போட்டேன். "கீபோர்டை மட்டும் தொடக்கூடாதுன்னு சொல்லு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் பாயிடம் வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. கீபோர்டை ஒரு துணி விரித்து அதன்மேல் வைத்தார்.

ஃபேனை வெளியே எடுத்தபோது, காற்று போகிற செம்புத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி மெத்தை. பன்னிரண்டு வருஷத் தூசி. பிய்த்து மேஜை மேல் வைத்தார். சுண்டெலி ஒன்று சௌகரியமாகப் படுக்கலாம். சிப்பின் மேல் பூசியிருந்த பேஸ்ட், காய்ந்த விபூதி மாதிரி உதிர்ந்தது.

"இந்த பேஸ்ட் எதுக்கு பாய்?"

"ரெண்டு தகடு ஒட்டியிருக்கற மாதிரி தெரியும். நடுவுல காத்து இருக்கும் தம்பி. காத்து சூட்டைக் கடத்தாது."

உண்மைதான். செம்பு, காற்றைவிடச் சுமார் 15 ஆயிரம் மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் காற்று உட்காராமல் பேஸ்ட் உட்கார வேண்டும். அதற்காக அள்ளிப் பூசக் கூடாது, பேஸ்ட்டும் செம்புக்கு ஈடில்லை. பாய் ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துச் சிப்பைத் துடைத்தார். ஸாக்கெட்டின் ஓரத்தில் இருந்த ஒற்றை ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினார். பழைய சிப் கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதான்! புதியதன் மூலையில் இருந்த சின்ன முக்கோணத்தை ஸாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, வைத்தார். அழுத்தவில்லை. தானாக இறங்கியது. திரும்பவும் அரைச் சுற்று. அரிசி மணி அளவுக்குப் பேஸ்ட்.

அடுத்தது நுரையீரல். பழைய கூலிங் ஸெட்டில் ஒரே ஒரு செம்புக் குழாய். பாய் எடுத்ததில் இரண்டு. இதே லேப்டாப்பைத் தனி கிராஃபிக்ஸ் சிப் வைத்தும் விற்றார்கள், அதற்காகச் செய்தது. அளவு ஒன்றே. ஸ்க்ரூ ஓட்டையும் ஒன்றே. ஆயிரத்து நூறு ரூபாய்.

இந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். கெட்டிச் செம்புக் கம்பி என்றுதான் எல்லோரும் நினைப்போம். உள்ளே கூடு! காற்றை உறிஞ்சிவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியிருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சிப் பக்கத்தில் ஆவியாகி, ஃபேன் பக்கம் ஓடி, அங்கே குளிர்ந்து சூட்டை இறக்கிவிட்டு மறுபடி தண்ணீராகும். உள்சுவரில் திரி மாதிரி ஒரு பூச்சு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தண்ணீர் அதன் வழியே சிப்புக்குத் திரும்பிவிடும். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. இட்லிப் பானை மூடியைத் திறந்து ஆவியில் கையைச் சுட்டுக்கொண்ட எல்லோருக்கும் ஆவி எவ்வளவு சூட்டைச் சுமக்கும் என்று தெரியும். 1944-லேயே அமெரிக்காவில் கௌக்ளர் என்கிறவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். யாரும் சட்டை செய்யவில்லை. 1963-ல் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜார்ஜ் க்ரோவர் தனியாக மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஒரு நல்ல யோசனை பத்தொன்பது வருஷம் ரிச்சி தெரு டப்பாவில் கிடந்த மாதிரி!

நாலு ஸ்க்ரூவையும் பாய் ஒரேயடியாக முறுக்கவில்லை. கார் டயர் மாட்டுவதுபோல எதிர் எதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக. "ஒரு பக்கம் மட்டும் அழுத்தினா சிலிக்கான் மூலை உடைஞ்சிரும். லேப்டாப் சிப்புக்கு மூடி கிடையாது. மொட்டைத் தலை."

எல்லாம் மாட்டி, பவர் பட்டனை அழுத்தினார்.

விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. திரை கும்மிருட்டு.

பத்து விநாடி. தானாக அணைந்தது. தானாகவே திரும்ப எரிந்தது. இருட்டு.

எனக்கு 20-ம் தேதி கண் முன்னால் வந்தது. ஒன்பது கடை. அரிசி மண்டிக்காரர். காலேஜ் ஃபீஸ். பாய் டீயை உறிஞ்சினார்.

"பாய்...?"

"இருங்க தம்பி. புது மருமக வந்திருக்கா. அரிசிப் பானை எங்க, உப்பு ஜாடி எங்கன்னு பார்த்துக்க வேணாமா?"

மருமகள் ஒரு நிமிஷம் ஆகியும் சமையல் கட்டை விட்டு வெளியே வரவில்லை. பாய் டீயைக் கீழே வைத்தார். அணைத்தார். திறந்தார். இரண்டு மெமரி கார்டில் ஒன்றை உருவி, அதன் தங்க நிறப் பற்களை... எதனால் தேய்த்தார் தெரியுமா? ஸ்கூல் பையன் பென்சில் ரப்பரால்! ஊதிவிட்டு, 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். மறுபடி பட்டன்.

கம்பெனி பெயர் திரையில் வந்தது. நான் மூச்சு விட்டேன். பயாஸில் 'ஐ7-3632க்யூஎம்' என்று எழுதியிருந்தது. விண்டோஸ் எழுந்தது. எட்டு சின்னக் கட்டங்கள் துடித்தன. நாலு கோரும் ஆளுக்கு இரண்டு வேலையாகப் பார்க்கும், அதனால் எட்டு.

பாய் சோதனை ப்ரோக்ராமை ஓடவிட்டார். முன்னால், வேலையே ஆரம்பிக்கும் முன் 98 டிகிரியைத் தொட்ட லேப்டாப். அரை மணி நேரம் முழு மூச்சாக ஓடிய பிறகு 81. அங்கேயே நின்றது. அடியில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சூடு.

* * *

பில்: சிப் 3,200. கூலிங் ஸெட் 1,100. பேஸ்ட் 300. கூலி 700. பழைய சிப்புக்கு 200 கழித்துக்கொண்டார். ஆக 5,100. டீ அவர் கணக்கு.

கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி: இதில் எது முதலீட்டுச் செலவு, எது வருவாய்ச் செலவு? பி.காம். முதல் வருஷப் பரீட்சையில் வருஷா வருஷம் வருகிற கேள்வி. பேஸ்ட்டும் கூலியும் பராமரிப்பு. சிப்பும் கூலிங்கும் சக்தியைக் கூட்டியதால் முதலீடு. 26 ரூபாய்ச் சொத்தின் மேல் 4,300 ரூபாய் முதலீடு! எங்கள் புரொஃபஸர் பார்த்தால் ஃபெயில் போட்டிருப்பார். ஆனால் ஒன்பது கடையைச் சுமக்கிற சொத்துக்கு 26 ரூபாய் என்று மதிப்புப் போட்ட கணக்கை என்ன செய்வது?

பணத்தை எண்ணிக்கொண்டே பாய் சொன்னார். "இந்த மாதிரி வேலை இன்னும் கொஞ்ச நாள்தான் தம்பி. பத்து வருஷமாவே வர்ற லேப்டாப்ல ஸாக்கெட்டே கிடையாது. போர்டோட பத்தவெச்சுடறான். சட்டையை உடம்போட சேர்த்துத் தெச்ச மாதிரி. கிழிஞ்சா ஆளையே மாத்தணும்."

அவர் சொன்னது சரி. இன்டெல்லின் லேப்டாப் சிப்களில் 2013-ல் வந்த நாலாம் தலைமுறையோடு ஸாக்கெட் முடிந்தது. ஐந்தாம் தலைமுறை முதல் எல்லாம் பற்றவைத்தவைதான். லேப்டாப் மெலிந்தது. மெலிந்த அளவுக்குப் பாயின் மேஜையும் காலியாகிறது. 'பையன் இந்தப் பக்கமே வரமாட்டேன்னுட்டான்' என்றார். குறையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. டப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கறுப்பு லேப்டாப் இருந்தால், ஓடுவதற்கு முன் நாலு விஷயம். ஒன்று, 2013-ஐ ஒட்டி வந்ததா, ஸாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, புது சிப் அதே தலைமுறையா, அதே வாட்டா என்று பாருங்கள். 35 இருந்த இடத்தில் 45 போட்டால் பழைய கூலிங் அழும். மூன்று, வெறும் தூசி தட்டி பேஸ்ட் மாற்றினாலே பாதி நோய் போய்விடும். அதைச் செய்து பார்த்துவிட்டுச் சிப்புக்குப் போங்கள். நாலாவதுதான் கொஞ்சம் கசப்பு. விண்டோஸ் 10-க்குக் கம்பெனி தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11, இந்த வயசுச் சிப்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மூளையை மாற்றினாலும் ஜாதகம் மாறாது! கடிதம் எழுத, படம் பார்க்க லினக்ஸ் போட்டு இன்னும் பல காலம் ஓட்டலாம். டாலிக்கு விண்டோஸ் வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அதுக்குள்ள பையன் கடைசி ஃபீஸ் கட்டிடுவேன். அப்புறம் புதுசு வாங்கிக்கறேன்" என்றாள். நான் அவளுக்கு வாங்கிக்கொடுத்தது ஐ7 அல்ல. அந்தக் கொஞ்ச அவகாசம்தான்.

19-ம் தேதி ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. ஒன்பது கடையும் முடிந்துவிட்டதாம்.

"சத்தமே இல்லைடா. ஓடுதா, அணைஞ்சுபோச்சான்னு அப்பப்ப கையை வெச்சுப் பார்த்துக்கறேன்."

"சமையல் ரூம் பக்கத்துல வெக்காதேக்கா. பாய் சொன்னாரு."

"சரி, சரி."

"கீபோர்டு ஒண்ணுதான் மாத்தலை. ஸைபர் பட்டன் சுத்தமா அழிஞ்சிருக்கு. அவசரத்துல ஒரு ஸைபர் கூடக் குறைய விழுந்துடப் போகுது."

"விழாது" என்றாள் அக்கா. "உங்க மாமா தேச்சுத் தேச்சு அழிச்ச இடம். விரல் வெச்சாலே வழவழன்னு தெரியும்."